பெரிய ற, சின்ன ர

தமிழ் எழுத்தில் பெரியது, சின்னது என்ற பேதம் கிடையாது. கம்பனுக்கும் காக்கைக்கும் ஒரே ககரம்தான். வாக்கியம் தொடங்குகிறதே என்று முதல் எழுத்தைக் கொழுக்க வைக்கவும் வேண்டாம். இலக்கணப்படி இது சரி. ஆனால் எங்கள் பக்கம், நாஞ்சில்நாட்டிலும் அதை ஒட்டிய கடற்கரையிலும், கடுதாசி எழுத உட்கார்ந்த எந்தப் பெரியவரும் ஒரு கட்டத்தில் பக்கத்தில் இருக்கிற பிள்ளையிடம் கேட்பார்: "மக்ளே, கறிக்குப் பெரிய ற-வா, சின்ன ர-வா?" வகுப்பில் வல்லினம், இடையினம் என்று என்ன படித்தாலும், வீட்டில் அது சின்ன ர, பெரிய ற. அதேபோல ரெண்டு சுழி ன, மூணு சுழி ண.

இந்த வீட்டுப் பெயர்கள் 1990களில் கம்ப்யூட்டருக்குள் அப்படியே குடியேறின. தமிழை ஆங்கில விசைப்பலகையில் அடிக்க வழி தேடியவர்கள், சின்ன ஆர் தட்டினால் ர், பெரிய ஆர் தட்டினால் ற் என்று வைத்தார்கள். சின்ன எல் என்றால் ல், பெரிய எல் என்றால் ள். சின்ன என் என்றால் ன், பெரிய என் என்றால் ண். மலேசியாவில் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் முதல் பல மென்பொருள்களில் இந்த ஒலியியல் முறைதான் இருந்தது. இன்றும் எத்தனையோ பேர் இப்படித்தான் அடிக்கிறார்கள்.

இங்கேதான் ஒரு சிக்கல் ஒளிந்திருந்தது. ஆங்கிலக்காரனுக்குப் பெரிய எழுத்து என்பது ஒரு மரியாதை, ஒரு உடை. நமக்கோ அது பொருளாகிவிட்டது. சின்ன எல் போட்டால் குலம். பெரிய எல் போட்டால் குளம். உடையை மாற்றினால் ஆளே மாறிவிடுவார். இதைத் தெரியாத ஒரு இயந்திரம், இரண்டும் ஒன்றுதானே என்று முடிவு செய்தால் என்ன ஆகும்? முடிவு செய்தது. இன்றும் செய்துகொண்டிருக்கிறது.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். விண்டோஸ் கம்ப்யூட்டரில் ஆங்கில எழுத்தில் 'குலம்' என்று பெயரிட்டு ஒரு ஃபைலைச் சேமியுங்கள். அதே ஃபோல்டரில் பெரிய எல் போட்டு 'குளம்' என்று இன்னொன்றைச் சேமிக்கப் பாருங்கள். ஏற்கெனவே அந்தப் பெயரில் ஒன்று இருக்கிறது, அதை அழித்து இதை வைக்கட்டுமா என்று கேட்கும். மேக்கிலும், அதன் வழக்கமான அமைப்பில், இதே கதைதான். ஆண்ட்ராய்டு ஃபோனில் படங்கள் கிடக்கும் பொதுச் சேமிப்பிடத்திலும் அப்படியே. லினக்ஸில் மட்டும் குலமும் குளமும் சண்டையில்லாமல் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கும். கரையும் கறையும், மனமும் மணமும், அரமும் அறமும் அப்படியே.

ஒரு தொழில்நுட்பக் கோளாறாக இதைச் சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் இதற்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. அதில் நம்முடைய பங்கும் உண்டு.

ரோமானியர்கள் கல்லில் வெட்டியதெல்லாம் நாம் இன்று பெரிய எழுத்து என்று சொல்வதைத்தான். அதோடு சேர்ந்து நிற்கும் சின்ன எழுத்து வரிசை, எட்டு ஒன்பதாம் நூற்றாண்டுகளில் சார்லமேன் காலத்து மடங்களில் படியெடுப்பவர்களின் கையில் திருந்தி வந்தது. இரண்டு வரிசைகளும் ஒரே பக்கத்தில் வாழப் பழகின. அச்சு வந்த பிறகு, கம்பாசிட்டர் முன்னால் இரண்டு மரத்தட்டுகள் சரிவாக வைக்கப்பட்டன. மேல் தட்டில் பெரிய எழுத்துகள், கீழ்த் தட்டில் சின்ன எழுத்துகள். அந்தத் தட்டுக்குப் பெயர் கேஸ். இன்று புரோகிராமர்கள் 'கேஸ் சென்சிடிவ்' என்று சொல்லும்போது அந்த மரத்தட்டைத்தான் சொல்கிறார்கள்.

அந்தத் தட்டுகள் எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயும் வந்தன. இராஜாக்கமங்கலத்துக்கு வடகிழக்கே இருக்கும் நாகர்கோவிலில், லண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மீட் 1820-ஐ ஒட்டி ஓர் அச்சகம் தொடங்கினார். திருவிதாங்கூரின் மிகப் பழைய அச்சகங்களில் அதுவும் ஒன்று. தமிழ் கோக்கும் கம்பாசிட்டருக்குப் பெரியது சின்னது என்ற பிரிவினை தேவைப்படவில்லை. அவருடைய கஷ்டம் வேறு: கு, கூ, து, தூ என்று உயிர்மெய்களுக்குத் தனித்தனி அறைகள், கை போய்ச் சேர வேண்டிய தூரம்.

கம்ப்யூட்டர் உலகமும் முதலில் ஒரே தட்டோடுதான் தொடங்கியது. 1963-ல் வெளியான ஆஸ்கி குறியீட்டில் சின்ன எழுத்துகளே இல்லை. 1967-ல் திருத்தியபோதுதான் அவை சேர்ந்தன. பெரிய ஏ-க்கு எண் 65, சின்ன ஏ-க்கு 97. எல்லா எழுத்துக்கும் இதே 32 வித்தியாசம். இயந்திரத்தின் கணக்கில் ஒரே ஒரு பிட். அந்த ஒரு பிட்டைக் கண்டுகொள்வதா, விடுவதா என்பதில்தான் இயங்குதளங்கள் பிரிந்தன.

1969-ல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்ஸனும் டென்னிஸ் ரிச்சியும் தொடங்கிய யூனிக்ஸ், கண்டுகொண்டது. அதன் காரணம் ரொம்ப எளிமையானது. யூனிக்ஸுக்கு ஒரு ஃபைலின் பெயர் என்பது எண்களின் வரிசை மட்டுமே. எண் வேறு என்றால் பெயர் வேறு. அதற்கு எந்த மொழியும் தெரியாது. தெரிந்துகொள்ளவும் ஆசை இல்லை. 1991-ல் வந்த லினக்ஸும் இந்த வழியைப் பிடித்துக்கொண்டது.

இன்னொரு பக்கம், 1974-ல் கேரி கில்டால் எழுதிய சிபி/எம், அதைப் பார்த்து வளர்ந்த 1981-ன் டாஸ். டாஸில் பெயருக்கு எட்டு எழுத்து, பின்னொட்டுக்கு மூன்று எழுத்து, எல்லாமே பெரிய எழுத்து. நீங்கள் எப்படி அடித்தாலும் அது பெரிதாக்கி வைத்துக்கொள்ளும். விண்டோஸ் 95 வந்தபோது நீளப் பெயர்கள் அனுமதிக்கப்பட்டன. ஆனால் பழைய புரோகிராம்களைக் கைவிட முடியாது. அதனால் ஒரு நடுவழி கண்டார்கள்: நீ எழுதியதை எழுதியபடியே நினைவில் வைத்துக்கொள்வேன், தேடும்போது மட்டும் வித்தியாசம் பார்க்க மாட்டேன். மேக்கும் இதே வழியில்தான் போனது. அந்தப் பக்கத்து நியாயமும் மனிதத்தன்மை உள்ளதுதான். ஃபோனில் ஒருவரிடம் ஃபைல் பெயரைச் சொல்லும்போது யார் 'முதல் எழுத்து பெரிசு' என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்?

ஆனால் பெரியதும் சின்னதும் ஒன்று என்று சொல்ல, எதற்கு எது ஜோடி என்று தெரிய வேண்டும். அங்கே மொழி வந்துவிடுகிறது. 1928-ல் லத்தீன் எழுத்துக்கு மாறிய துருக்கியில் புள்ளி வைத்த ஐ, புள்ளி இல்லாத ஐ என்று இரண்டு எழுத்து. இரண்டுக்கும் தனித்தனியே பெரியதும் சின்னதும் உண்டு. ஆங்கிலத்து ஜோடிக் கணக்கு அங்கே எடுபடாது. இதனால் எத்தனையோ மென்பொருள்கள் துருக்கியில் மட்டும் தடுமாறி விழுந்திருக்கின்றன. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் அமைப்பு இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. ஒவ்வொரு வட்டுப் பகுதியிலும் 65,536 வரிகள் கொண்ட ஓர் அட்டவணையை ஒளித்து வைக்கிறது. எந்த எழுத்துக்கு எது பெரிய எழுத்து என்று அதில் இருக்கும். தமிழ் எழுத்துகளும் அதில் உண்டு. நம் ஒவ்வொரு எழுத்துக்கும் எதிரே அதே எழுத்துதான் நிற்கிறது. கண்ணாடி பார்ப்பது மாதிரி.

இது வெறும் சௌகரியப் பிரச்சினையும் இல்லை. புரோகிராமர்கள் தங்கள் வேலையைப் பாதுகாக்கப் பயன்படுத்தும் கிட் என்ற கருவியில் 2014 டிசம்பரில் ஒரு பெரிய ஓட்டை வெளியே வந்தது. கிட் தன் ரகசியங்களை ஒரு மறைவான ஃபோல்டரில் வைக்கும். அந்தப் பெயரில் வேறு யாரும் எதையும் எழுதக் கூடாது என்று காவலும் உண்டு. ஓர் எழுத்தை மட்டும் பெரிதாக்கி அதே பெயரைக் கொடுத்தால், காவலுக்கு அது வேறு பெயர். விண்டோஸுக்கும் மேக்குக்கும் அதே ஃபோல்டர். கெட்ட நோக்கம் உள்ளவன் உள்ளே நுழைந்து உங்கள் கம்ப்யூட்டரில் தன் கட்டளையை ஓட்டலாம். லினக்ஸ்காரர்களுக்குச் சேதம் இல்லை.

சரி, தமிழ் இந்த வலைக்குள் எப்படி வந்தது?

தமிழை ரோமன் எழுத்தில் எழுதும் பழக்கம் இமெயிலோடு தொடங்கவில்லை. தமிழில் அச்சான முதல் புத்தகமே ரோமன் எழுத்தில்தான் இருந்தது. 1554-ல் லிஸ்பனில் அச்சான 'கார்த்தில்யா' என்ற செப நூல், முத்துக்குளித்துறைப் பரதவர்களுக்காக உருவானது. பத்து வருடம் முன்னால், 1544-ல், பிரான்சிஸ் சேவியர் எங்கள் திருவிதாங்கூர்க் கடற்கரை முக்குவர் ஊர்களில் நடந்துகொண்டிருந்தார். மனப்பாடம் செய்த தமிழ் செபங்கள்தான் அவர் கையிருப்பு. தமிழ் எழுத்திலேயே அச்சான 'தம்பிரான் வணக்கம்' 1578-ல் கொல்லத்தில் வந்தது.

பிற்காலத்து அறிஞர்களுக்கு லகர, ளகர, ழகர வேறுபாட்டை ரோமனில் காட்டியே ஆக வேண்டியிருந்தது. எழுத்துக்குக் கீழே புள்ளி, கோடு என்று போட்டார்கள். 1924 முதல் வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் அந்த முறையைத்தான் பிடித்தது. 1990களின் இமெயிலில் அந்தப் புள்ளிக்கும் கோட்டுக்கும் இடமில்லை. கையில் இருந்தது ஆஸ்கியின் இரண்டு தட்டுகள் மட்டும். உலகெங்கும் சிதறிக் கிடந்த தமிழர்கள், லெக்சிகன் புள்ளி வைத்த இடத்தில் பெரிய எழுத்தைப் போட்டார்கள். பல முறைகளில் குறிலுக்குச் சின்ன எழுத்து, நெடிலுக்குப் பெரிய எழுத்து. சின்ன ஈ போட்டால் எரி, பெரிய ஈ போட்டால் ஏரி.

இந்த எரி-ஏரி விவகாரம் நமக்குப் புதிதல்ல. பழைய தமிழில் எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே வடிவம். குறில் என்றால் மேலே புள்ளி. ஒகரத்துக்கும் அப்படியே. தொல்காப்பியம் அதற்கு விதியே வைத்திருக்கிறது. ஆனால் ஓலையில் புள்ளி வைத்தால் ஓலை கிழியும். எழுதுகிறவர்கள் புள்ளியை விட்டுவிட்டார்கள். எரியும் ஏரியும் ஓலையில் ஒன்றாகின. படிக்கிறவன்தான் இடம் பார்த்துப் பிரித்துக்கொள்ள வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் நெடிலுக்குத் தனிக் கோடும் தனிச் சுழியும் கொடுத்துப் பிரித்ததாகச் சொல்கிறோம். பிறகு அச்சு அதை நிலைநிறுத்தியது.

இப்போது விண்டோஸில் ரோமன் எழுத்தில் எரி என்று ஒரு ஃபைல், ஏரி என்று ஒரு ஃபைல் வைக்கப் பாருங்கள். ஒன்றுதான் நிற்கும். வீரமாமுனிவர் போட்ட சுழி உதிர்ந்து, நாம் மறுபடியும் ஓலைக்குப் போய்விட்டோம். ஓலைக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. ஓலையில் இரண்டு சொல்லும் இருந்தன, தெளிவுதான் இல்லை. இங்கே இரண்டாவது வந்தால் முதலாவது போய்விடும்.

பெரிய எழுத்தின் இன்னொரு விளையாட்டு எழுத்துருக்களில் நடந்தது. யூனிகோட் பரவுவதற்கு முன், பாமினி போன்ற எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை உட்கார வைத்திருந்தன. பாமினியில் 'தமிழ்' என்று அடித்தால் உள்ளே இருப்பது ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி. எல்லாம் சின்ன எழுத்து. அதே எழுத்துருவில் பெரிய ஜே என்பது து. வாக்கியத்தின் முதல் எழுத்தைத் தானாகவே பெரிதாக்கும் வசதி வேர்டில் உண்டல்லவா? அது அங்கே புகுந்தால் தமிழ் 'துமிழ்' ஆகும். இயந்திரம் மரியாதை செய்வதாக நினைத்து நம் பெயரையே மாற்றிவிடும்.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டின் வழியாக வந்த தமிழ்99 விசைப்பலகையை இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். பன்னிரண்டு உயிர், பதினெட்டு மெய் எல்லாவற்றையும் ஷிப்ட் விசையைத் தொடாமலே அடிக்கலாம். ஷிப்டில் இருப்பது ஜ, ஷ, ஸ, ஹ போன்ற கிரந்த எழுத்துகள். அதாவது பெரியது-சின்னது என்ற இரண்டு தட்டிலிருந்து தமிழ் இறங்கி வந்துவிட்டது. இராஜாக்கமங்கலம் என்று அடிக்கும்போது மட்டும் எங்களுக்கு ஒரு தடவை ஷிப்ட் வேண்டும், அந்த ஜகரத்துக்காக.

யூனிகோடில் தமிழுக்கு 1991-லேயே இடம் கிடைத்தது. இனி ஃபைலுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம், குலமும் குளமும் எந்த இயந்திரத்திலும் இரண்டாகவே இருக்கும். பிரச்சினை தீர்ந்தது என்றுதான் தோன்றும். ஆனால் இதே பூதம் வேறு வேஷத்தில் வந்தது.

'நாகர்கோவில்' என்ற பெயரில் இருக்கும் கோ-வை யூனிகோட் இரண்டு விதமாக எழுத விடுகிறது. ககரத்தோடு ஓகாரக் குறியை ஒரே குறியாகச் சேர்க்கலாம். அல்லது முன்னால் நிற்கும் ஏகாரக் கொம்பையும் பின்னால் நிற்கும் காலையும் இரண்டு குறிகளாக அடுத்தடுத்துப் போடலாம். பார்வைக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. முதல் விதத்தில் நாகர்கோவிலுக்கு 11 குறிகள், 33 பைட்டுகள். இரண்டாவதில் 12 குறிகள், 36 பைட்டுகள். யூனிகோட் இரண்டும் சமம் என்றே சொல்கிறது. லினக்ஸுக்கும் விண்டோஸுக்கும் அவை வேறு வேறு பெயர்கள். ஒரே ஃபோல்டரில் இரண்டு நாகர்கோவில் நிற்கும். எது எது என்று கண்ணால் சொல்ல முடியாது. 1998-ல் வந்த மேக்கின் ஹெச்எஃப்எஸ் பிளஸ் அமைப்போ, நீங்கள் எப்படிக் கொடுத்தாலும் கொம்பு தனி, கால் தனி என்று பிரித்து வைத்துவிடும். அங்கிருந்து லினக்ஸுக்குக் கொண்டுவந்தால், இங்கே இருக்கும் பெயரைத் தேடும் புரோகிராம் 'அப்படி ஒரு ஃபைலே இல்லை' என்று கைவிரிக்கும். கண்முன்னால் இருக்கும்.

ஸ்ரீ-யும் அப்படித்தான். 2005-ல் யூனிகோடில் ஶ என்ற எழுத்து சேர்ந்த பிறகு, அதை ஸகரம் வைத்தும் எழுதலாம், ஶகரம் வைத்தும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே முகம். முன்பு இரண்டாக இருந்ததை இயந்திரம் ஒன்றாக்கியது. இப்போது ஒன்றாக இருப்பதை இரண்டாக்குகிறது.

எங்கள் ஊர்ப் பக்கத்துக் குளங்களின் பெயர்களைக் கொஞ்சகாலமாகத் தொகுத்து வருகிறேன். நாஞ்சில்நாடு குளத்தால் ஆன நாடு. ஒவ்வொரு பெயருக்கும் வயலும் மடையும் சண்டையும் சேர்ந்திருக்கும். இந்த மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் பக்கம் இருந்தது. நிர்வாகம் மலையாளத்தில். ஆனாலும் மலையாள எழுத்தில் ல, ள, ழ, ர, ற எல்லாம் தனித்தனி. மலையாளத்தில் எழுதினாலும் குளம் குளமாகவே இருந்தது. ஆங்கிலத்துக்குப் போனபோதுதான் குளமும் குலமும் ஒன்றாகின. ஊர் பெயரில் இருக்கும் மங்கலத்தை இன்று பலபேர் மங்களம் என்று எழுதுவதற்கும் ஆங்கிலப் பலகை ஒரு காரணம் என்பது என் சந்தேகம்.

பெயரை நம்பினால் இவ்வளவு அல்லல் என்பதால்தான் விவரம் தெரிந்தவர்கள் எண்ணைப் பிடித்தார்கள். 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்திலிருந்து கு. கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டம், பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர்களின் உழைப்பில் இணையத்தில் ஏற்றியது. அதன் ஃபைல் பெயர்களைப் பாருங்கள். சில சின்ன எழுத்துகள், பிறகு நான்கு இலக்க எண். திருக்குறள் 0001. எந்தக் கம்ப்யூட்டரில் வைத்தாலும் அது உடையாது. எழுத்துக் குறியீடுகள் மாறியும் எண் மாறவில்லை. நிலத்துக்கு சர்வே நம்பர் போட்ட அதே யோசனைதான். ஊர்க்காரன் குளத்தை என்ன பெயர் சொல்லி வேண்டுமானாலும் கூப்பிடட்டும், நம்பர் ஒன்று.

எண்ணுக்கு ஒரு குறை உண்டு. அட்டவணை தொலைந்தால் எல்லாம் தொலைந்தது. 0001 என்பது திருக்குறள் என்று யாராவது எழுதி வைத்திருக்க வேண்டும். அதனால் நான் இரண்டையும் வைத்துக்கொள்கிறேன். ஃபைலுக்கு எண், பக்கத்தில் ஒரு பட்டியல், அதில் தமிழ்ப் பெயர், ஊர்க்காரர்கள் சொல்லும் மாற்றுப் பெயர்கள் எல்லாம். நீங்களும் பாட்டியின் கதையையோ ஊரின் பத்திரத்தையோ கம்ப்யூட்டரில் ஏற்றுகிறவரென்றால் இதைச் செய்யலாம். ரோமன் எழுத்தில் பெயர் வைத்தே ஆக வேண்டுமென்றால் எல்லாவற்றையும் சின்ன எழுத்தில் வையுங்கள். பெரிய எழுத்தை நம்பி ஓர் அர்த்தத்தையும் அதில் ஒப்படைக்காதீர்கள்.

இயங்குதளங்கள் இப்போது ஒன்றை ஒன்று நோக்கி நகர்ந்திருக்கின்றன. 2018-ல் விண்டோஸ் 10, வேண்டுமென்றால் ஒரு ஃபோல்டரில் மட்டும் பெரியது சின்னது பார்க்கலாம் என்று வழிவிட்டது. 2019-ல் லினக்ஸ், வேண்டுமென்றால் பார்க்காமலும் இருக்கலாம் என்று தன் எக்ஸ்ட்4 அமைப்பில் இடம் கொடுத்தது. அரை நூற்றாண்டுச் சண்டையில் இரண்டு பக்கமும் பாதி தூரம் வந்துவிட்டது.

ஆனால் எந்த வித்தியாசம் முக்கியம், எது முக்கியமில்லை என்பது எந்த இயந்திரத்திலும் இல்லை. இராஜாக்கமங்கலம் என்றாலும் ராஜாக்கமங்கலம் என்றாலும் எங்களுக்கு ஒரே ஊர்தான். பஸ்ஸில் ஏறிச் சீட்டு வாங்கும் யாரும் அந்த இகரத்தைச் சொல்வதில்லை. கம்ப்யூட்டருக்கோ ஒன்று 45 பைட்டு, இன்னொன்று 42 பைட்டு. பட்டியலில் ஒன்று இகரத்தில் நிற்கும், மற்றது எங்கோ கீழே ரகரத்தில். உலகத்தின் எந்த இயங்குதளமும் இந்த இரண்டையும் சேர்த்து வைக்காது. குலத்தையும் குளத்தையும் பிரித்து வைக்கச் சொன்னாலோ, ரோமன் எழுத்தில் பாதி இயந்திரங்கள் மறுக்கும். சேர்க்க வேண்டியது எது, பிரிக்க வேண்டியது எது என்று தெரிந்தவர்கள் கறிக்கு எந்த ற என்று கேட்டு எழுதுகிறவர்கள்தான். அவர்களிடம் கேட்டு எழுதி வைப்பதற்கு இன்னும் கொஞ்ச காலம்தான் இருக்கிறது.